இன்னும் மூன்றே அவுட்

பாஸ்டன் பக்கம் யாரிடம் பேஸ்பால் பற்றிப் பேச்சுக் கொடுத்தாலும் சுற்றிச் சுற்றி 2004 அக்டோபர் 17 ராத்திரிக்குத்தான் வந்து நிற்பார்கள். ஃபென்வே பார்க், எதிரே நியூயார்க் யாங்கீஸ், ஒன்பதாவது இன்னிங்ஸ், பாஸ்டன் அணியான ரெட் சாக்ஸின் டேவ் ராபர்ட்ஸ் முதல் பேஸிலிருந்து இரண்டாவது பேஸுக்கு ஓடிய அந்த ஓட்டம். அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, பேசாதவர்கள் இல்லை. நானும் எழுதத்தான் போகிறேன். ஆனால் இங்கே குடிவந்து, இந்த ஆட்டத்தை மெதுவாகக் கற்றுக்கொண்டு, அந்த ராத்திரியின் முழுப் பதிவையும் பலமுறை உட்கார்ந்து பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது. அந்த ஓட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் நடந்த, யாரும் டீ-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொள்ளாத சின்னச் சின்ன வேலைகளால்தான் ரெட் சாக்ஸ் அன்றைக்கு ஜெயித்தது. அவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் ராபர்ட்ஸின் பெயர் இன்று யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

முதலில் பகையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதுவும் புரியாது.

பேப் ரூத் என்ற ஆட்டக்காரரின் பெயரையாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் முதலில் பாஸ்டன்காரர். 1918இல் ரெட் சாக்ஸ், சீசனின் கடைசிக் கோப்பைத் தொடரான உலகத் தொடரை ஜெயித்தபோது அந்த அணியில் இருந்தவர். 1919 கடைசியில் அணியின் முதலாளி ஹாரி ஃப்ரேஸீ அவரை 1,00,000 டாலருக்கு யாங்கீஸிடம் விற்றுவிட்டார். அதுவரை ஒரு கோப்பைகூட வாங்காத யாங்கீஸ், அதற்குப் பிறகு 2003க்குள் 26 கோப்பைகளை வாங்கிக் குவித்தது. ரெட் சாக்ஸ் ஒன்றுகூட வாங்கவில்லை. அதுவும் எப்படித் தோற்றார்கள் என்று பாருங்கள்: 1946, 1967, 1975, 1986 என்று நான்கு தடவை உலகத் தொடருக்குப் போய், நான்கு தடவையும் கடைசி ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போய்த் தோற்றார்கள். 1978இல் யாங்கீஸோடு புள்ளியில் சமநிலை வந்து ஒரே ஓர் ஆட்டம் வைத்துத் தீர்மானித்தார்கள், அதிலும், நம் சிக்ஸர் மாதிரி பந்தை வேலிக்கு வெளியே தூக்கும் ஹோம் ரன் அதிகமாக அடிக்காத பக்கி டென்ட் என்பவர் வந்து மூன்று ரன் ஹோம் ரன் அடித்துவிட்டுப் போனார். ரூத்தை விற்ற சாபம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். சாபம் என்றால் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அது எத்தனை தலைமுறைக்கு இறங்கி வரும் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். இங்கேயும் அப்படித்தான், தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறையாக அதே ஏமாற்றம்.

2003இல் மறுபடியும். உலகத் தொடருக்கு முந்தைய அமெரிக்கன் லீக் இறுதித் தொடர், ஏழாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸில் மூன்று ரன் முன்னிலை. களைத்துப்போன பிட்ச்சர், அதாவது பந்து வீசுகிறவர், பெட்ரோ மார்ட்டினெஸை மேனேஜர் கிரேடி லிட்டில் மாற்றாமல் விட்டார், யாங்கீஸ் சமன் செய்தது, பதினோராவது இன்னிங்ஸில் டிம் வேக்ஃபீல்டின் முதல் பந்தையே ஆரன் பூன் தூக்கி வெளியே அடித்தார். அவ்வளவுதான். லிட்டிலுக்கு வேலை போனது. அந்தக் குளிர்காலத்தில் அலெக்ஸ் ரோட்ரிகஸை வாங்க ரெட் சாக்ஸ் எல்லாம் பேசி முடித்திருந்தது, சம்பளக் குறைப்பை ஆட்டக்காரர்கள் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை, பேச்சு முறிந்தது. பூன் கூடைப்பந்து ஆடி முழங்காலை உடைத்துக்கொள்ள, காலியான அந்த இடத்துக்கு யாங்கீஸே ரோட்ரிகஸைத் தூக்கிக்கொண்டு போனது. 2004 ஜூலை 24ஆம் தேதி ஃபென்வேயில் அதே ரோட்ரிகஸும் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் பாஸ்டன் கேட்ச்சர் ஜேசன் வேரிடெக்கும் கைகலந்து, இரண்டு அணியும் மைதானத்தில் இறங்கி அடித்துக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தை முடித்தது யார் தெரியுமா? பில் மியூலர். ஒன்பதாவது இன்னிங்ஸில், மரியானோ ரிவேராவின் பந்தில், ஹோம் ரன், 11க்கு 10. இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மாதம் கழித்து இதே மைதானத்தில் இதே இன்னிங்ஸில் இருவரும் மறுபடி எதிரெதிரே நிற்பார்கள்.

இன்னொரு தேதியும் முக்கியம், ஜூலை 31. அன்றைக்குத்தான் ரெட் சாக்ஸ் ஊரே செல்லமாக வைத்திருந்த நோமார் கார்சியாபாராவை விட்டுக்கொடுத்தது. வந்தவர்கள் ஒர்லாண்டோ கப்ரேரா, டக் மென்ட்கேவிச். ஊர் கொதித்தது. அதே நாளில் சத்தமில்லாமல் இன்னொரு பரிமாற்றமும் நடந்தது, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடமிருந்து வேகமாக ஓடக்கூடிய ஓர் ஆள். அவர்தான் ராபர்ட்ஸ். அந்த மூன்று பேரும் இல்லாமல் அக்டோபர் 17 இல்லை.

சரி, அக்டோபருக்கு வருவோம். அதே இரண்டு அணி, அதே லீக் இறுதித் தொடர், ஏழில் நான்கு ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டம் 10க்கு 7 யாங்கீஸ். பாஸ்டனின் பெரிய பிட்ச்சர் கர்ட் ஷில்லிங் கணுக்காலில் தசைநார் பிரச்சினையோடு வந்து அடி வாங்கினார். இரண்டாவது 3க்கு 1 யாங்கீஸ். மூன்றாவது ஃபென்வேயில், 19க்கு 8. பத்தொன்பது! சொந்த மைதானத்தில், சொந்த ஜனங்கள் முன்னால். அந்த ஆட்டத்தில்தான் நான் சொல்லும் சின்ன வேலைகளில் முதலாவது நடந்தது. மறுநாள் வீச வேண்டிய வேக்ஃபீல்ட், அதாவது போன வருஷம் பூனிடம் அடி வாங்கிய அதே மனிதர், மற்ற பிட்ச்சர்கள் எல்லோரும் இந்தத் தோல்வியிலேயே தேய்ந்துபோகக் கூடாது என்று தானாகவே முன்வந்து, தன் நாளைய வாய்ப்பை விட்டுக்கொடுத்துவிட்டு, தோற்றுக்கொண்டிருக்கிற ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். புள்ளிவிவரத்தில் அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாள் ஐந்து மணி நேரம் ஆட்டம் நீண்டபோது அவர் காப்பாற்றிக் கொடுத்த கைகள்தான் மிச்சம் இருந்தன.

மூன்றுக்குப் பூஜ்யம். அதுவரை அமெரிக்கப் பேஸ்பாலின் பெரிய லீக்கில் அந்த நிலையிலிருந்து எழுந்து ஒரு தொடரை ஜெயித்த அணி ஒன்றுகூடக் கிடையாது.

இங்கே ஆட்டத்தைப் பற்றி நம் கிரிக்கெட் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு பக்கத்துக்கும் மூன்று மூன்று அவுட். பேட்டர் அடித்துவிட்டு நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட், அடிக்க முடியாத இடத்தில் நான்கு பந்து போட்டுவிட்டால் பேட்டர் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம், அதுதான் வாக். ஒருநாள் கிரிக்கெட்டில் எதிரணிக்குப் பந்து தீர்ந்துபோகும், கால்பந்தில் நேரம் தீர்ந்துபோகும். பேஸ்பாலில் தீர்ந்துபோவது அவுட் மட்டும்தான். முன்னிலையில் இருக்கிற அணி பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நேரம் கடத்த வழியே கிடையாது, எதிரணி பேட்டரை நோக்கிப் பந்தை வீசித்தான் ஆக வேண்டும், கடைசி அவுட் வரைக்கும். நான் இந்த ஆட்டத்தில் மாட்டிக்கொண்டதே இந்த ஒரு காரணத்தால்தான்.

நான்காவது ஆட்டம் ராத்திரி எட்டேகாலுக்குக் கொஞ்சம் பிந்தித் தொடங்கியது. பாஸ்டனுக்கு வீசியவர் டெரெக் லோ. அவரை அந்த அக்டோபரில் தொடக்க பிட்ச்சர் வரிசையிலிருந்தே எடுத்துவிட்டிருந்தார்கள், வேக்ஃபீல்ட் இடம் காலியானதால்தான் அவருக்கு வாய்ப்பு. மூன்றாவது இன்னிங்ஸில் ரோட்ரிகஸ் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்தார். ஐந்தாவதில் கப்ரேரா ஒரு ரன்னையும் டேவிட் ஓர்ட்டீஸ் இரண்டையும் கொண்டுவர 3க்கு 2 பாஸ்டன். ஆறாவதில் ஹிடெக்கி மட்சுயி நீளமாக அடித்து மூன்றாவது பேஸ் வரை ஓட, பாஸ்டன் பிட்ச்சரை மாற்றியும் பிரயோஜனமில்லை, உள்வட்டத்தைத் தாண்டாத சின்ன அடிகளில் இரண்டு ரன் போனது. யாங்கீஸ் 4, ரெட் சாக்ஸ் 3. அதில் கடைசி ரன்னை அடித்துக் கொடுத்தவர் டோனி கிளார்க், பின்னாளில் ஆட்டக்காரர்கள் சங்கத்துக்கே தலைவரானவர். இந்தப் பெயரும் திரும்ப வரும்.

ஏழாவது இன்னிங்ஸில், ஓர் அவுட் ஆன பிறகு, மேனேஜர் டெர்ரி ஃபிரான்கோனா கீத் ஃபோக்கைக் கூப்பிட்டார். ஃபோக் 'குளோசர்', அதாவது முன்னிலையில் இருக்கும்போது கடைசி மூன்று அவுட்டை வாங்கித்தர மட்டும் வருகிறவர். அப்படிப்பட்டவரை ஒரு ரன் பின்தங்கி இருக்கும்போது, அதுவும் ஏழாவதிலேயே இறக்கிவிட்டார்கள், ஏனென்றால் நாளைக்கு என்று ஒன்று இருக்குமா என்பதே தெரியாது. ஃபோக் 50 பந்து வீசினார். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது, ஒரு ரன்னும் விடவில்லை. அடுத்த இரண்டு நாளும் அவரே வந்தார், மூன்று நாளில் சுமார் 100 பந்து. அவரைப் போன்ற ஒரு பிட்ச்சருக்கு அது உடம்பை அடகு வைக்கிற வேலை. அடுத்த வருஷம் முழங்கால் பிரச்சினையில் விழுந்தார், பழைய ஃபோக்காக மறுபடி வரவே இல்லை. ஃபென்வேக்கு வெளியே அவருக்குச் சிலை கிடையாது. வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

யாங்கீஸ் பக்கம் எட்டாவது இன்னிங்ஸிலேயே ரிவேரா வந்துவிட்டார். மரியானோ ரிவேரா யார் என்று சொல்லாமல் இந்த ஆட்டத்தைச் சொல்ல முடியாது. பனாமாவில் புவெர்த்தோ கைமித்தோ என்ற மீன்பிடி ஊர், அப்பா மீனவர். கடைசி நேரத்தில் சட்டென்று உள்ளே வெட்டும் 'கட்டர்' என்ற ஒரே பந்தை வைத்துக்கொண்டு 652 ஆட்டங்களை முடித்துக் கொடுத்தவர், அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் தொடவில்லை. 2019இல் பேஸ்பாலின் பெரியவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் ஒருவர் விடாமல் தேர்ந்தெடுத்த முதல் ஆட்டக்காரர் அவர்தான். அந்த அக்டோபரில் பனாமாவில் விபத்தில் உறவினர்கள் இருவரைப் பறிகொடுத்து, இறுதிச் சடங்கை முடித்த கையோடு விமானம் ஏறி அன்றைக்கு ராத்திரியே முதல் ஆட்டத்தில் வந்து வீசினார். அப்படியொரு மனிதர். அவரை எதிர்த்து ஆடிய ஊரில் இருந்துகொண்டு எழுதுகிறேன், ஆனாலும் அவரைப் பற்றிக் குறைத்து ஒரு வார்த்தை எழுத எனக்கு வராது.

எட்டாவதில் ரிவேரா ரன் விடவில்லை. மேல் ஒன்பதாவதை, அதாவது அந்த இன்னிங்ஸில் யாங்கீஸ் மட்டை பிடிக்கும் முதல் பாதியை, ஃபோக் முடித்தார். இனி பாஸ்டனுக்குக் கடைசி மூன்று அவுட். மூன்றும் விழுந்தால் நான்குக்குப் பூஜ்யம், சீசன் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

முதல் ஆள் கெவின் மில்லார். வாய் ஓயாத மனிதர், அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க யாங்கீஸ் ஆட்கள், பத்திரிகைக்காரர்கள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் 'இன்றைக்கு மட்டும் எங்களை ஜெயிக்க விட்டுவிடாதீர்கள்' என்கிற மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தவர். ஹோம் ரன் அடிக்கிற ஆசை உள்ள பேட்டர். இடது பக்கம் 37 அடி உயரத்துக்கு நிற்கும் அந்தப் பச்சைச் சுவரைப் பார்த்து ஒரு தூக்கு தூக்கினால் ஆட்டம் சமன், வேறு யாராக இருந்தாலும் கை துறுதுறுக்கும். ரிவேராவோ வாக் கொடுப்பதையே அவமானமாக நினைப்பவர், அந்த சீசன் முழுக்க 20 வாக்தான் கொடுத்திருந்தார். அந்த ரிவேராவிடம் மில்லார் ஐந்தே பந்தில் வாக் வாங்கினார். கண்ணுக்குக் கொஞ்சம் வெளியே போகிற பந்தை விட்டார், மறுபடி விட்டார், மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தார். பதிவைப் பார்க்கும்போது அந்த இடத்தில் கூட்டத்தின் சத்தம் மாறுவது தெளிவாகக் கேட்கும். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சீசனின் கடைசி நிமிஷத்தில், உலகத்திலேயே சிறந்த பிட்ச்சருக்கு எதிரே, ஒன்றும் செய்யாமல் இருக்கிற தைரியம் ஒரு ஆளுக்கு வந்ததே, அதை எப்படிச் சொல்வது!

மில்லார் மெதுவாக ஓடுகிறவர். பெஞ்சிலிருந்து ராபர்ட்ஸ் வந்தார்.

ராபர்ட்ஸ் அந்தத் தொடரில் ஒரு தடவைகூட மட்டை பிடிக்கவில்லை. அவர் வேலை ஓடுவது மட்டும். அந்த சீசனில் 41 தடவை ஸ்டீல் செய்ய, அதாவது யாரும் அடிக்காமலே அடுத்த பேஸைத் திருட, ஓடி 38 தடவை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தவர், பிடிபட்டது மூன்றே முறை. ஜப்பானில் ஒகினாவாவில் பிறந்தவர், அம்மா ஜப்பானியர், அப்பா அமெரிக்க மரீன் படையில் இருந்தவர். டாட்ஜர்ஸில் இருந்தபோது அந்தக் கால ஓட்ட வீரர் மோரி வில்ஸ் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாராம், நீ ஓடப்போகிறாய் என்று மைதானத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு நேரம் வரும், அன்றைக்குப் பயப்படாமல் ஓட வேண்டும் என்று. அந்த நேரம் இதுதான். ஃபிரான்கோனா அவரைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார், அவ்வளவுதான் உத்தரவு.

முதல் பேஸுக்கும் இரண்டாவதற்கும் இடையே 90 அடி. டி.வி.யில் பெரிதாகத் தெரியும். ஃபென்வேயில் அந்தக் குறுகலான நீல மர நாற்காலியில் முதல் பேஸ் பக்கமாக உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு அது நம் தெருவில் எதிர்ச்சாரியில் இருக்கிற நாலாவது வீட்டு வாசல் மாதிரிதான் தெரிந்தது. கணக்கு இப்படி: பிட்ச்சர் கையை அசைக்க ஆரம்பித்ததிலிருந்து பந்து கேட்ச்சரிடம் போய்ச் சேர ஒன்றே கால் விநாடி, கொஞ்சம் கூடலாம். கேட்ச்சர் எழுந்து இரண்டாவது பேஸுக்கு எறிய இன்னும் இரண்டு விநாடி. ஆக, மூன்றரை விநாடிக்குள் ஓடி, விழுந்து, கையை வைத்தாக வேண்டும். முன்கூட்டியே நான்கு அடி அதிகம் நகர்ந்து நின்றால் பிட்ச்சர் திரும்பி முதல் பேஸுக்கு எறிந்து அவுட்டாக்கிவிடுவார்.

ரிவேரா எறிந்தார். ராபர்ட்ஸ் பாய்ந்து திரும்பினார். மறுபடி எறிந்தார், இந்த முறை மயிரிழை. மூன்றாவது தடவையும் எறிந்தார். மணிக்கணக்கில் குளிரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உடம்பு அந்த மூன்று எறிதலில்தான் சூடாகி, பதற்றம் போய், ஆட்டத்துக்குள் வந்ததாக ராபர்ட்ஸ் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். எதிரியை அடக்கி வைக்க எறிந்த பந்துகளே அவரைத் தயார் செய்துவிட்டன. இங்கே ஒரு இடைச்செருகல்: 2023இல் விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது ஒரு பேட்டர் நிற்கும்போது இரண்டு தடவைதான் பிட்ச்சர் தண்டனை இல்லாமல் அப்படித் திரும்பலாம், மூன்றாவது தடவை எறிந்து அவுட் விழாவிட்டால் ஓட்டக்காரருக்கு அடுத்த பேஸ் இலவசம். இன்றைய விதிப்படி ஆடியிருந்தால் ராபர்ட்ஸ் ஓடாமலே இரண்டாவது பேஸுக்கு நடந்து போயிருப்பார்! ஆட்டம் வேகமாக நடக்க அந்த விதி நல்லதுதான், நான் ஆதரிக்கிறவன்தான், ஆனால் அந்த மூன்று எறிதலையும் பார்க்கும்போதெல்லாம் இனி இப்படி ஒரு காட்சி வராது என்று மனசு கனக்கும்.

அப்புறம் ரிவேரா பில் மியூலருக்கு முதல் பந்தை வீசினார். ராபர்ட்ஸ் கிளம்பிவிட்டார். பந்து கொஞ்சம் உயரமாக, வெளிப்பக்கமாக வந்தது, கேட்ச்சர் ஹோர்ஹே பொசாடாவுக்கு எறிய வசதியான பந்து. அவரும் நன்றாகத்தான் எறிந்தார். டெரெக் ஜீட்டர் வாங்கிக் கையைக் கீழே இறக்கினார். ராபர்ட்ஸ் தலை முன்னால் போக மண்ணில் விழுந்து சறுக்கி, கை பேஸைத் தொட்டபின் ஜீட்டரின் கையுறை அவர் மேல் பட்டது. இடைவெளி ஒரு சாண்கூட இருக்காது. நடுவர் ஜோ வெஸ்ட் இரண்டு கையையும் விரித்தார், சேஃப். வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஏற்பாடு அப்போது கிடையாது, அவர் கண் பார்த்ததுதான் தீர்ப்பு. சரியாகப் பார்த்தார். எத்தனை மெதுவாக ஓட்டினாலும் சேஃப்தான், நான் நிறைய தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ராபர்ட்ஸ் எழுந்து சட்டையில் மண்ணைத் தட்டினார்.

ஆனால் ஸ்டீல் மட்டும் ரன் ஆகாது. மியூலர் அடித்தாக வேண்டும். 2003இல் அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் சாம்பியன், ஜூலையில் ரிவேராவைத் தூக்கி அடித்தவர், அதிகம் பேசாத மனிதர். அவர் அடித்த பந்து ரிவேராவைத் தாண்டி நேராக நடு மைதானத்துக்குப் போனது, தடுக்கப் பார்த்த ரிவேராவுக்கு அகப்படவில்லை. ராபர்ட்ஸ் மூன்றாவது பேஸை வளைத்துக்கொண்டு ஹோமுக்கு வந்தார். 4க்கு 4. ஓடியவர் பெயரை ஊருக்கே தெரியும், அடித்தவர் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அடுத்து நடந்ததைப் பார்க்கவில்லை. மென்ட்கேவிச் வந்து பந்தை மெதுவாகத் தட்டித் தன்னை அவுட்டாக்கிக்கொண்டு மியூலரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். ஜானி டேமன் அடித்த சாதாரணப் பந்தை டோனி கிளார்க் கோட்டைவிட்டார், அதே கிளார்க். மேனி ராமிரெஸ் வாக் வாங்க மூன்று பேஸும் நிரம்பிவிட்டது, இரண்டு அவுட், வருவது ஓர்ட்டீஸ். ஃபென்வே மொத்தமும் எழுந்து நிற்கிறது. ஓர்ட்டீஸ் அடித்த பந்து உயரமாக எழும்பி உள்வட்டத்திலேயே இறங்கிப் பிடிபட்டது. ரிவேரா தோற்கவில்லை, சமனோடு இறங்கிப் போனார்.

பதினோராவது இன்னிங்ஸ்தான் என் கணக்கில் இந்த ஆட்டத்தின் மறக்கப்பட்ட உச்சம். யாங்கீஸ் இரண்டாவது பேஸில் ஆள் வைத்திருக்கிறது. ரோட்ரிகஸ் பளீரென்று ஒரு பந்தை நேராக அடித்தார், அது தரையைத் தொட்டிருந்தால் முன்னிலை நியூயார்க்குக்கு. கப்ரேரா பாய்ந்து பிடித்தார். ஜூலையில் ஊர் திட்டிக்கொண்டே வரவேற்ற அதே கப்ரேரா. பிறகு இரண்டு வாக், ஒன்று வேண்டுமென்றே கொடுத்தது, மூன்று பேஸும் நிரம்பியது. ஃபிரான்கோனா அந்த நேரத்தில் கர்ட் லெஸ்கானிக்கைக் கூப்பிட்டார். கன்சாஸ் சிட்டி அணி அந்த வருஷம் ஜூன் மாதத்தில் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட பிட்ச்சர், வயது 36, தோள் ஏற்கெனவே அறுவை சிகிச்சை பார்த்தது. எதிரே பெர்னி வில்லியம்ஸ், யாங்கீஸின் நான்கு கோப்பைகளைப் பார்த்தவர். வில்லியம்ஸ் தூக்கி அடித்தார், டேமன் நடு மைதானத்தில் பிடித்தார். இன்னிங்ஸ் முடிந்தது. பன்னிரண்டாவதையும் லெஸ்கானிக்கே ரன் விடாமல் முடித்துக் கொடுத்தார். அவர் பெரிய லீக்கில் கடைசியாகப் பந்து போட்டது அந்த ராத்திரிதான். அதற்குப் பிறகு அந்தத் தொடரிலோ உலகத் தொடரிலோ அவரை இறக்கவில்லை, அடுத்த வருஷம் ஆட்டத்தை விட்டுவிட்டார். ஆட்டத்தின் பதிவேட்டில் வெற்றி பெற்ற பிட்ச்சர் என்று அவர் பெயர்தான் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் அணி அணியாக அலைந்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய கடைசி வேலை கிடைத்துவிடுமா?

கீழ்ப் பன்னிரண்டாவது. யாங்கீஸுக்கு பால் குவாண்ட்ரில். ராமிரெஸ் ஒரு சிங்கிள் அடித்து முதல் பேஸில் நின்றார். ஓர்ட்டீஸ் மறுபடி வந்தார். இந்த ஓர்ட்டீஸை 2002 டிசம்பரில் மினசோட்டா அணி சும்மா விட்டுவிட்டது, யாரும் வாங்க முன்வராத அவரை அடுத்த மாதம் பாஸ்டன் குறைந்த சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. ஒன்பதாவதில் ஆட்டத்தை முடிக்க முடியாமல் போன மனிதர், இந்தத் தடவை வலப்பக்கம் பிட்ச்சர்கள் உட்கார்ந்திருக்கும் புல்பென்னுக்குள் பந்தை அனுப்பினார். 6க்கு 4. மணி அதிகாலை 1.22. ஐந்து மணி இரண்டு நிமிஷ ஆட்டம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்றைக்குச் சாயங்காலமே ஐந்தாவது ஆட்டம், 14 இன்னிங்ஸ், ஐந்தேமுக்கால் மணி நேரத்துக்கு மேல். அதையும் முடித்தது ஓர்ட்டீஸ்தான், ஒரே தேதிக்குள் இரண்டு ஆட்டத்தின் கடைசி அடி அவருடையது. வெற்றி பெற்ற பிட்ச்சர் வேக்ஃபீல்ட், விட்டுக்கொடுத்தவருக்குத் திரும்பக் கிடைத்தது. ஆறாவதில் ஷில்லிங் கணுக்காலில் தையல் போட்டுக்கொண்டு, சாக்ஸில் ரத்தம் கசியக் கசிய வீசினார். ஏழாவது நியூயார்க்கில் 10க்கு 3, ஒரு பக்க ஆட்டம், தொடக்கத்தில் வீசியவர் வேறு யாருமில்லை, லோ. உலகத் தொடரில் செயின்ட் லூயிஸை நான்கே ஆட்டத்தில் முடித்து, 86 வருஷம் கழித்துக் கோப்பை வந்தது.

அடுத்த ஏப்ரலில் ஃபென்வேயில் சீசனின் முதல் ஆட்டம், எதிரணி யாங்கீஸ்தான். ஒவ்வொரு ஆட்டக்காரராகப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியபோது ரிவேராவின் பெயர் வந்ததும் பாஸ்டன் கூட்டம் எழுந்து ஆரவாரமாகக் கை தட்டியது. கிண்டல்தான். ரிவேரா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே தொப்பியைத் தூக்கிக் காட்டினார். ராபர்ட்ஸ் அப்போது அணியில் இல்லை, அந்தக் குளிர்காலத்திலேயே சான் டியேகோவுக்குப் போய்விட்டார். பிறகு டாட்ஜர்ஸ் மேனேஜராகி, 2020, 2024, 2025 என்று கோப்பைகளை வாங்கினார். ஆனாலும் பாஸ்டனில் அவர் இன்னும் அந்த மூன்றரை விநாடிக்காரர்தான்.

முழு ஆட்டத்தின் பதிவும் தேடினால் கிடைக்கும். சுருக்கத் தொகுப்புகள் எல்லாம் ராபர்ட்ஸ் முதல் பேஸில் வந்து நிற்பதிலிருந்துதான் ஆரம்பிக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். ஐந்து மணி நேரம் ஒதுக்க முடியாவிட்டால் ஏழாவது இன்னிங்ஸில் ஃபோக் வந்து இறங்குகிற இடத்திலிருந்து பாருங்கள், பதினோராவதில் எழுந்து காபி போடப் போய்விடாதீர்கள்.